‘பாத்து ஏறுங்கண்ணே!’ன்னு சொன்னா மட்டும் போதுமா? உயரத்தில் வேலை... ஏறுபவருக்கும் ஏற்றிவிடும் நமக்கும்!

மாடியில் தண்ணீர் டேங்க் நிரம்பி வழியுது. மோட்டாரை ஆஃப் பண்ணியாச்சு. ஆனா, உள்ளே இருக்குற மிதவை வால்வு போயிருச்சு. பிளம்பர் அண்ணனுக்கு போன் போடுறீங்க. பத்தே நிமிஷத்துல பைக்ல வந்து நிக்கிறார். பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிச் சுவரில் சாய்க்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கையில் ஸ்பானரோடு ஏற ஆரம்பிக்கிறார். நீங்க கீழே நின்னு, கையில் போனோடு ஒரு வார்த்தை சொல்றீங்க.

“பாத்துண்ணே!”

அந்த வேலைக்கு நாம செஞ்ச மொத்தப் பாதுகாப்பு ஏற்பாடும் அந்த ஒரு வார்த்தைதான். நானும் எத்தனையோ தடவை அப்படிச் சொன்னவள்தான். அக்கறையில் சொல்வதுதான், தப்பில்லை. ஆனால், ‘பாத்து’ என்பது பெல்ட் இல்லை, கயிறு இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. கால் வழுக்கும்போது அது யாரையும் பிடிக்காது.

கம்பெனியில் வேலை நடந்தால் பாதுகாப்பைப் பார்க்க ஓர் அதிகாரியாவது இருப்பார். வீட்டு வேலைக்கு யார் இருக்கிறார்கள்? கூலி பேசி ஏறச் சொன்ன நாம்தான் அன்றைக்கு முதலாளி. நாம்தான் பாதுகாப்பு அதிகாரியும்கூட. அந்த வேலையை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

கோட்டைப்பட்டினத்தில் ஏறாதவர் யார்?

உயரத்தில் வேலை என்றதும் நம் மனசில் வருவது செல்போன் டவரும், சென்னை அடுக்குமாடிக் கட்டடங்களும்தான். அப்படிப்பட்ட கட்டடங்கள் இல்லாத ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கோட்டைப்பட்டினம். விசைப்படகுகளுக்குப் பேர்போன ஊர்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாத அந்த நாள்களில்தான் படகுகளுக்கு ‘சர்வீஸ்’ நடக்கும். தண்ணீரில் மிதக்கும்போது படகின் அடிப்பாகம் நமக்குத் தெரியாது. அதையே கரையேற்றி நிறுத்திப் பாருங்கள், மேல்தளம் தலைக்கு மேலே எங்கோ நிற்கும். பெயின்ட் அடிக்க, பலகை மாற்ற, ஆணி அடிக்க, வெல்டிங் வைக்க எல்லாவற்றுக்கும் ஏறித்தான் ஆக வேண்டும். இரண்டு டிரம்களை நிறுத்தி, குறுக்கே ஒரு பலகையைப் போட்டால் அதுதான் சாரம். நடுக்கடலில் அலைக்குத் தாக்குப்பிடித்து நின்ற மனிதருக்கு, கரையில் அசையும் ஒரு பலகை பெரிய விஷயமாகவே தெரியாது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கஜாவை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல், நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மாநிலம் முழுவதிலிருந்தும் வந்த மின்வாரிய ஊழியர்கள் சேற்றிலும் மழையிலும் நின்று கம்பம் நட்டு, அதில் ஏறிக் கம்பி இழுத்தார்கள். அந்தப் பணியில் உயிரையே கொடுத்தவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், ஓடும் ஷீட்டும் பறந்துபோன வீடுகளில், அதுவரை கூரையே ஏறாதவர்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். புயலின் ஆபத்து காற்று நின்றதும் முடிந்துவிடுவதில்லை. கூரையைச் சரிசெய்து முடிக்கும்வரை அது தொடரும்.

இது தவிர தேங்காய் பறிக்க, கந்தூரிக்கும் திருவிழாவுக்கும் சீரியல் செட் கட்ட, டிஷ் ஆன்டெனாவைத் திருப்ப, முருங்கைக்காய் ஒடிக்க... யோசித்துப் பார்த்தால் வாரத்துக்கு ஒரு முறையாவது நம் கண் முன்னால் யாரோ ஒருவர் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்.

‘பத்தடிதானே!’ - கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

பள்ளிக்கூட இயற்பியல்தான், பயப்பட வேண்டாம். பத்தடி (3 மீட்டர்) உயரத்திலிருந்து விழுபவர் முக்கால் விநாடிக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் தரையைத் தொட்டுவிடுவார். அப்போது அவரது வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். இருபதடி என்றால் சுமார் 39 கிலோமீட்டர். ஐம்பதடித் தென்னை என்றால் 60-ஐத் தாண்டிவிடும்.

பைக்கில் 28 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கே பிடிக்காமல், ஹெல்மெட்டும் இல்லாமல் சுவரில் மோதுவதை நினைத்துப் பாருங்கள். ‘பத்தடிதானே’ என்று நாம் சொல்வது அதைத்தான். ‘விழுந்தா டக்குனு எதையாச்சும் புடிச்சுக்குவேன்’ என்பதும் நடக்காத காரியம். விழுகிறோம் என்று மூளைக்கு உறைத்து, கை அசைவதற்குள் பாதித் தூரம் போய்விடும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6.84 லட்சம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். வீட்டுக்குள் தடுக்கி விழும் முதியவர்களும் இதில் அடக்கம். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

அதனால்தான் எந்த உயரத்திலிருந்து எச்சரிக்கை தேவை என்பதைப் பல நாடுகள் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கின்றன. அமெரிக்காவில் கட்டுமான வேலைக்கு ஆறடி. 2005-ல் வந்த பிரிட்டன் விதிமுறை உயரக் கணக்கே சொல்வதில்லை. விழுந்தால் அடிபடும் என்றால், அது எத்தனை அடியாக இருந்தாலும் உயரம்தான். சிங்கப்பூரில் 2013-ல் இதற்கென்று தனி விதிகள் நடைமுறைக்கு வந்தன. மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலை என்றால், எழுத்துபூர்வ பெர்மிட் இல்லாமல் ஏற முடியாது. புதுக்கோட்டைப் பக்கம் சிங்கப்பூரில் வேலைபார்த்துத் திரும்பிய மாமாவோ அண்ணனோ உங்கள் தெருவிலும் இருப்பார், கேட்டுப் பாருங்கள். அங்கே பெல்ட் மாட்டாமல் ஓர் அடி எடுத்துவைக்காதவர், ஊருக்கு வந்ததும் வெறும் லுங்கியோடு ஷீட் மேல் ஏறியிருப்பார். ஆள் ஒருவர்தான். கீழே நின்று கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏறும் முன் மூன்று கேள்விகள்

உலகம் முழுக்க பாதுகாப்புத் துறையினர் பின்பற்றும் வரிசை இது. வரிசை முக்கியம். முதல் கேள்விக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

1. ஏறியே ஆகணுமா? முருங்கைக்குத் துரட்டி போதும். சுவருக்கு நீளக்கம்பு மாட்டிய ரோலர் இருக்கிறது. சீரியல் செட்டைத் தரையிலேயே கோத்து, எரியவிட்டுப் பார்த்துவிட்டு ஒரே தடவையில் மேலே கொண்டுபோகலாம். ஏறாத வேலையில் விழவே முடியாது.

2. விழாம தடுக்க முடியுமா? கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் ஒரு தடுப்புக் கட்டுங்கள். டிரம்முக்குப் பதிலாகச் சரியான சாரம் போடுங்கள். ஏணியைக் கட்டிவையுங்கள்.

3. விழுந்தாலும் அடி குறையுமா? பெல்ட், கயிறு, ஹெல்மெட் எல்லாம் இந்த மூன்றாவது இடத்தில்தான் வருகின்றன. நாம் இதைத்தான் முதலில் நினைக்கிறோம். பல நேரம் இதையும் நினைப்பதில்லை.

ஏணி: நாலுக்கு ஒண்ணு

ஏணியைச் செங்குத்தாக வைத்தால் பின்பக்கம் சாயும். ரொம்பப் படுக்கவைத்தால் அடி வழுக்கும். கணக்கு சுலபம். ஏணி சாயும் இடம் நாலடி உயரம் என்றால், அடிப்பாகம் சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்கணும். பன்னிரண்டு அடிக்கு மூன்றடி. மாடிக்கு ஏறுவதென்றால், ஏணியின் தலை மாடி விளிம்பைத் தாண்டி மூன்றடியாவது மேலே நீட்டிக்கொண்டு இருக்கணும். ஏணியிலிருந்து மாடிக்குக் கால் மாற்றும் அந்த நொடியில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் இல்லையா?

தலைப்பகுதியைக் கட்டிவிடுங்கள். கட்டும்வரை கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான். ஏறும்போது இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால், ஆக எப்போதும் மூன்று ஏணியில் இருக்கணும். ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினால் இந்தக் கணக்கு உதைக்கும். சாமான்களைப் பையில் போட்டுத் தோளில் மாட்டலாம், இல்லாவிட்டால் வாளியில் வைத்துக் கயிற்றால் இழுத்துக்கொள்ளலாம்.

கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் பார்க்கணும். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், படி பற்றவைத்த இடத்தில் துரு உள்ளே போயிருக்கும். மூங்கில் ஏணி என்றால் வெடிப்பும் கட்டுத் தளர்வும் இருக்கிறதா என்று ஒவ்வொரு படியையும் அழுத்திப் பாருங்கள்.

ஷீட் கூரை: கால் வைக்கும் இடமல்ல

சிமென்ட் ஷீட் பார்க்கத் தளம் மாதிரி தெரியும். ஆனால், அது மழையைத் தாங்கப் போட்டது, மனிதரைத் தாங்க அல்ல. வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்த ஷீட் எந்த எச்சரிக்கையும் தராமல் உடையும். வெளிச்சத்துக்காக நடுவில் போடும் பிளாஸ்டிக் ஷீட் இன்னும் மோசம். பாசியும் தூசியும் படிந்துவிட்டால் எது சிமென்ட், எது பிளாஸ்டிக் என்றே தெரியாது.

‘போல்ட் இருக்குற வரிசையில கால் வெச்சா ஒண்ணும் ஆகாது’ என்பார்கள். கீழே கம்பி போகிற இடம் அது என்பதால் ஓரளவு உண்மைதான். ஆனால், கால் அரையடி விலகினால் போதும், கதை முடிந்தது. குறைந்தபட்சம் இரண்டு நீளமான, கனமான பலகைகளையாவது கூரையில் குறுக்கே போட்டு, அவை வழுக்காமல் கட்டி, அவற்றின் மேல்தான் நகர வேண்டும். இதைவிட நல்ல வழி, முடிந்தவரை உள்ளே இருந்தே சாரம் போட்டு ஷீட்டை மாற்றுவது.

‘படகையே இழுக்குற கயிறுண்ணே இது!’

கடற்கரை ஊர்களில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. ‘படகையே கட்டி இழுக்குற கயிறு, நம்மளத் தாங்காதா?’ என்று இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு ஏறுபவர்கள் உண்டு. இதில் மூன்று சிக்கல்கள். வெயிலிலேயே கிடந்த நைலான், பிளாஸ்டிக் கயிறுகளின் இழைகள் உள்ளுக்குள் பலம் இழந்திருக்கும், வெளியே தெரியாது. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் கணிசமாகக் குறையும். மூன்றாவதுதான் பெரிது. மெதுவாக இழுப்பது வேறு, விழும் உடம்பைச் சட்டென்று நிறுத்துவது வேறு. அந்த வெட்டு முழுவதும் இடுப்பில் இறங்கினால் கயிறு தாங்கினாலும் முதுகெலும்பும் குடலும் தாங்காது.

அதனால்தான் இடுப்பு பெல்ட் போதாது, முழு உடல் ஹார்னஸ் வேண்டும் என்கிறார்கள். தோள், மார்பு, தொடை என்று பட்டைகள் சுற்றி வருவதால், அதிர்ச்சி உடம்பு முழுக்கப் பகிர்ந்துகொள்ளப்படும். கொக்கியை முதுகுப்புற வளையத்தில் மாட்டணும். வாங்கும்போது ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். தெருவுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாலும் பல வீட்டு வேலைக்கு உதவும். ஒரு தடவை விழுந்த ஆளைத் தாங்கிய ஹார்னஸை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஹார்னஸ் எல்லா உயரத்துக்கும் உதவாது. கயிறு சுமார் 1.8 மீட்டர். விழும்போது அதிர்ச்சியைத் தாங்கும் பகுதி பிரிந்து இன்னும் ஒன்றே முக்கால் மீட்டர் வரை நீளலாம். அதற்குக் கீழே ஆளின் உடம்பு இருக்கிறது. தரைக்கு மேலே கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். கூட்டினால் ஆறு மீட்டர், ஏறக்குறைய இருபதடி. காலடியில் கொக்கி மாட்டியிருந்தால் இன்னும் கூடும். அதாவது, பத்தடி உயரத்தில் நீளக்கயிற்றோடு ஹார்னஸ் மாட்டியவர், கயிறு அவரை முழுதாக நிறுத்துவதற்கு முன்பே தரையைத் தொட்டுவிடுவார்! சின்ன உயரத்தில் நம்ப வேண்டியது நல்ல சாரத்தையும் தடுப்பையும். ஹார்னஸ்தான் வேண்டுமென்றால், விளிம்புக்கே போக முடியாதபடி கயிற்றைக் குட்டையாக வைக்க வேண்டும். கொக்கி மாட்டும் இடம் தலைக்கு மேலே, உறுதியான பீம் அல்லது தூணில் இருக்கணும். டேங்க் பைப்பும், மாடிக் கொடிக்கம்பியும் அதற்கானவை அல்ல.

தென்னையும் மின்கம்பியும்

தென்னை ஏறுபவர்கள் பரம்பரையாகக் காலில் தளைக்கயிறு போட்டு ஏறுகிறார்கள். அந்தத் திறமையைக் கும்பிடத்தான் வேண்டும். ஆனால், மழை பெய்து மரம் ஊறியிருந்தால், வாடைக் காற்று வீசினால், குளவிக்கூடு இருந்தால் அந்தத் திறமைக்கும் எல்லை உண்டு. கேரளாவின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே.ஜோசப் என்ற விவசாயி, மிதித்து மிதித்து ஏறும் கருவி ஒன்றை உருவாக்கினார். ‘செம்பேரி மாடல்’ என்ற பெயரில் இன்று பல ஊர்களில் புழங்குகிறது. 2011-ல் தென்னை வளர்ச்சி வாரியம் ‘தென்னையின் நண்பர்கள்’ பயிற்சியைத் தொடங்கியபோது, பெண்களும் இளைஞர்களும் ஏற முடிந்ததற்கு இப்படிப்பட்ட கருவிகள்தான் காரணம். கருவியோடு பாதுகாப்பு பெல்ட்டையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

மின்கம்பி விஷயத்தில் ‘பாத்துக்கலாம்’ என்பதே கிடையாது. அலுமினிய ஏணி, இரும்புத் துரட்டி, ஈர மூங்கில் எதுவாக இருந்தாலும் கம்பியிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளியே இருக்கணும். உயர் அழுத்தக் கம்பி தொட்டால்தான் ஷாக் அடிக்கும் என்றில்லை, நெருங்கினாலே பாயும். கம்பியை ஒட்டி வேலை என்றால் மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் ஏற வேண்டும். மின்வாரியத்தின் ‘மின்னகம்’ சேவை எண் 94987 94987. போனில் சேமித்து வையுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், விழும் ஆபத்துள்ள உயரத்தில் வேலை செய்பவருக்குத் தடுப்போ வேறு பாதுகாப்போ தர வேண்டும் என்றது. 1996-ல் கட்டடத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டமே வந்தது. ஆனால், அது பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கானதாக இருந்தது. பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் சொந்த வீட்டு வேலை செய்பவருக்கு அதில் விலக்கும் இருந்தது. அரை நாள் டேங்க் வேலைக்கும், ஒரு நாள் ஷீட் வேலைக்கும் எந்த ஆய்வாளரும் வந்து எட்டிப் பார்க்கப்போவதில்லை. சட்டத்தின் கண் படாத அந்த இடத்தில்தான் நாம் நிற்கிறோம்.

அதனால் கூலி பேசும்போதே சாரத்துக்கும் உதவியாளுக்கும் சேர்த்துப் பேசுங்கள். ‘ஒரே ஆளா முடிச்சிருங்கண்ணே, சீக்கிரம்’ என்று அவசரப்படுத்தாதீர்கள். ‘மழை தூறுது, இன்னிக்கு வேணாம்’ என்று அவர் சொன்னால், அது சோம்பேறித்தனம் இல்லை, அனுபவம். இரண்டு நாள் டேங்க் ஒழுகினால் குடி முழுகிவிடாது.

ஸ்மார்ட்போன் கையில் இருக்கும் உங்களால் முடிந்த இன்னோர் உதவியும் இருக்கிறது. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். கொத்தனார், பெயின்டர், பிளம்பர் எல்லோருக்கும் பொருந்தும். வங்கிக் கணக்கு இருந்தால், ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் இரண்டு லட்சம் ரூபாய் காப்பீடு கிடைக்கும். மரம் ஏறுபவர்களுக்கு தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்‌ஷா’ காப்பீடு உண்டு. உங்கள் வீட்டுக்கு வரும் அண்ணனுக்கு இவை இருக்கின்றனவா என்று கேட்டு, இல்லையென்றால் விண்ணப்பிக்க உதவுங்கள்.

விழுந்துட்டா..?

- உடனே தூக்காதீர்கள். பதற்றத்தில் நாலு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. முதுகெலும்பு உடைந்திருந்தால், அந்த மடக்கலில் தண்டுவடமும் போய், ஆயுசுக்கும் நடக்க முடியாமல் ஆகலாம்.
- 108-க்கு அழையுங்கள். எவ்வளவு உயரம், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்று சொல்லுங்கள். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம்.
- மின்சாரம் தாக்கி விழுந்திருந்தால், மெயினை நிறுத்தாமல் தொடாதீர்கள். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டேயே போகாதீர்கள்.
- ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். தலைக்குள் ரத்தக்கசிவு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.
- ஹார்னஸில் தொங்கிக்கொண்டிருந்தால், காப்பாற்றியாச்சு என்று நிம்மதியாகிவிட வேண்டாம். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிஷங்களில் மயக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகும். எப்படி இறக்குவது என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவைக்கணும். உயரத்தில் யாரையும் தனியாக விடக் கூடாது என்பது இதற்காகத்தான்.

கோட்டைப்பட்டினம் மாதிரி ஊர்களில் பெரிய சிகிச்சைக்கு அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோதான் போக வேண்டும். அந்தத் தூரத்தை நம்மால் குறைக்க முடியாது. அந்த ஆம்புலன்ஸ் தேவைப்படாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

அடுத்த முறை பிளம்பர் அண்ணன் ஏணியைச் சாய்க்கும்போது, ‘பாத்துண்ணே’ என்று வழக்கம்போல வாய் வரைக்கும் வரும். வரட்டும். கூடவே போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இதையும் சொல்லுங்கள்.

“கொஞ்சம் இருங்கண்ணே, ஏணியை நான் புடிச்சுக்கிறேன்!”